அந்த ஒன்று எங்கே போனது?

ஆம்பூரை அடுத்த துத்திப்பட்டில் தோல் பதனிடும் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்தும் குரோம் டிரம்மிலிருந்தும் வெளியேறும் நீர், அந்தந்த ஆலையிலேயே முதல்கட்டச் சுத்திகரிப்பு முடிந்து, குழாய் வழியே அங்கே வந்து சேர்கிறது. குழாய் சேரும் இடத்துக்கு முன்னால் ஒரு குவளை நீரெடுத்துச் சோதித்தால் அது யாருடைய நீர் என்று சொல்லிவிடலாம். சேர்ந்த பிறகு எடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லலாமே தவிர, யார் விட்டது என்று சொல்ல முடியாது. பாலாற்றங்கரையில் பல பத்தாண்டுகளாக நடக்கும் வழக்குகளும் பேச்சுவார்த்தைகளும் ஏதோ ஒரு வகையில் இந்த இடத்தைச் சுற்றியே வருகின்றன.

கணினிக்குள்ளும் இப்படி ஓர் இடம் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தை எழுதியவர்கள் அங்கே நடப்பதற்கு வைத்திருக்கும் சொல்லும் நமக்குப் பழகியதுதான்: கறை.

ஆம்பூரின் காலணி ஏற்றுமதி நிறுவனங்களில் வடிவமைப்பு அறை என்று ஒன்று இருக்கும். லாஸ்ட் எனப்படும் கால் அச்சின் மேல் வரைந்த கோடுகளைக் கணினியில் ஏற்றி, காலணியின் மேற்பகுதியான அப்பருக்கான துண்டுகளாகப் பிரித்து, வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பும் அறை. அங்கே இருப்பதைப் போல, தனி கிராஃபிக்ஸ் அட்டை பொருத்திய கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் லினக்ஸை நிறுவி, என்விடியா நிறுவனத்தின் வழக்கமான மூடிய டிரைவரையும் ஏற்றிவிட்டு, கெர்னலின் கறை எண் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் 12289 என்று விடை வரும். அது மூன்று எண்களின் கூட்டுத்தொகை. 8192 என்றால், உள்ளே வந்த ஒரு நிரலுக்குச் சரிபார்க்கப்பட்ட கையொப்பம் இல்லை. 4096 என்றால், அது கெர்னலின் மூலத் தொகுப்புக்கு வெளியிலிருந்து வந்தது. கடைசியில் நிற்கும் 1 என்றால், மூலநிரலைக் காட்டாத தனியுரிமை நிரல் ஒன்று கெர்னலுக்குள் நுழைந்திருக்கிறது.

அதே அட்டைக்கு, அதே நிறுவனம் 2022 மே மாதம் முதல் வெளியிட்டுவரும் திறந்த மூலநிரல் கொண்ட டிரைவரை ஏற்றிப் பார்த்தால் எண் 12288 ஆகிறது. ஒன்று குறைந்துவிட்டது. அட்டையின் வேலை குறையவில்லை, நிறுவனத்தின் ரகசியங்களும் வெளியே வந்துவிடவில்லை. அப்படியானால் அந்த ஒன்று எங்கே போனது?

பரிமாறும்போது கேட்கும் கணக்கு

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. நினைவகம், வட்டு, வலை, திரை எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். ஒவ்வொரு வன்பொருளோடும் அதன் மொழியில் பேசத் தெரிந்த துணைநிரலே டிரைவர். லினக்ஸில் டிரைவர் பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே, அதன் நினைவகத்தையே பகிர்ந்துகொண்டு ஓடுகிறது. நடுவில் சுவர் கிடையாது. வைஃபை டிரைவரில் இருக்கும் ஒரு பிழை, அதற்குச் சம்பந்தமே இல்லாத வட்டுப் பகுதியின் தரவைக் கெடுக்கலாம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1992இல் லினக்ஸை ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். ரிச்சர்ட் ஸ்டால்மனின் முயற்சியில் உருவான அந்த உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991 ஜூனில் வெளியானது. கெர்னல் இன்றும் அதன் கீழேதான் இருக்கிறது. அது சொல்வது சுருக்கமானது. நிரலை யாரும் ஓட்டலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம். ஆனால் அதையோ அதிலிருந்து உருவான படைப்பையோ இன்னொருவருக்குத் தரும்போது, அந்த முழுப் படைப்பும் அதே உரிமத்தின் கீழ் வர வேண்டும். மூலநிரலும் கூடவே கிடைக்க வேண்டும். வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவரிடம் இந்த உரிமம் கணக்குக் கேட்பதில்லை. பந்தியில் பரிமாறுகிறவரிடம்தான் கேட்கிறது.

ஆகவே, ஒருவர் தன் கணினியில் மூடிய டிரைவரை ஏற்றிக்கொண்டால் உரிமம் மீறப்படுவதில்லை. சிக்கல் தொடங்குவது, கெர்னலையும் அந்த டிரைவரையும் சேர்த்து ஒருவர் பிறருக்கு வழங்கும்போது. அந்த டிரைவர் கெர்னலிலிருந்து உருவான படைப்பா, பக்கத்தில் வைக்கப்பட்ட தனிப் பொருளா? ஒரே வட்டில் அருகருகே வைப்பது மட்டும் கலப்பு ஆகாது என்று ஜி.பி.எல். சொல்லியிருக்கிறது. அருகருகே இருப்பது எங்கே முடிகிறது, கலப்பது எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் முப்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டோர்வால்ட்ஸே 2003இல் ஒரு நடுநிலையைச் சொன்னார்: வேறோர் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டு, பின்னர் லினக்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட ஒன்றை லினக்ஸின் வழித்தோன்றல் என்று சொல்வது கடினம், லினக்ஸையே மனத்தில் வைத்து எழுதியதென்றால் கதை வேறு. இவற்றில் முதலாவதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஆண்ட்ரூ கோப்பு முறைமை.

பெயர் சொல்லிவிட்டு உள்ளே வா

சட்டம் முடிவு சொல்லும்வரை கெர்னல்காரர்கள் காத்திருக்கவில்லை. 2001இல் ஒரு விதியை நிரலாகவே எழுதினார்கள். உள்ளே வரும் ஒவ்வொரு துணைநிரலும், அதாவது மாடியூலும், தன் உரிமம் என்ன என்று தானே அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அது தனியுரிமை நிரல் என்றே கொள்ளப்படும், கறை விழும். கறை விழுந்த கெர்னலில் ஏற்பட்ட பிழையை எழுதி அனுப்பினால் பெரும்பாலான பராமரிப்பாளர்கள் பார்க்க மாட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதைப் படித்துப் பார்க்க வழியில்லாத ஒருவர் அதே அறையில் இருந்திருக்கிறார். அப்புறம் யார் மேல் பழி போடுவது? கூடவே, கெர்னலின் சில உட்செயல்கள் ஜி.பி.எல். என்று அறிவித்தவர்களுக்கு மட்டுமே திறக்கும் என்ற பூட்டும் வந்தது.

பூட்டு வந்ததும் கள்ளச்சாவியும் வந்தது. 2004இல் லினக்ஸன்ட் என்ற நிறுவனத்தின் மோடம் டிரைவர், தன் உரிம வரியில் ஜி.பி.எல். என்று எழுதி, அடுத்து ஒரு சுழியக் குறியை வைத்து, அதற்குப் பின்னால் மீதி நிபந்தனைகளை எழுதியிருந்தது. சி மொழியில் சுழியக் குறி வந்தால் வாக்கியம் முடிந்தது என்று பொருள். கெர்னல் முதல் மூன்று எழுத்தைப் படித்துவிட்டுக் கதவைத் திறந்தது. பயனர்களைக் குழப்பும் எச்சரிக்கைகள் அடுக்கடுக்காக வருவதைத் தவிர்க்கவே அப்படிச் செய்ததாக நிறுவனம் விளக்கம் சொன்னது.

இதைவிடச் சுவையானது என்டிஸ்ராப்பரின் கதை. 2000களில் பல வைஃபை அட்டைகளுக்கு விண்டோஸ் டிரைவர் மட்டுமே கிடைத்தது. அந்த விண்டோஸ் டிரைவரையே லினக்ஸ் கெர்னலுக்குள் ஏற்றி ஓட்டும் ஒரு மேலுறையை பான்டஸ் ஃபுக்ஸ் தொடங்க, கிரிதர் பெம்மசானி வளர்த்தெடுத்தார். மேலுறை முழுக்க ஜி.பி.எல்.; மூலநிரல் யாருக்கும் திறந்திருந்தது. ஆனால் அதன் ஒரே வேலை, மூடிய நிரலை உள்ளே அழைத்துவருவது. அறிவிப்பில் பொய் இல்லை, விளைவில் கறை உண்டு. இதற்கு என்ன செய்வது?

2006க்கும் 2008க்கும் இடையே இதைச் சுற்றி நடந்த வாதங்களுக்குப் பிறகு கெர்னலில் ஒரு விசித்திரமான ஏற்பாடு நிலைத்தது. பொது விதிக்கு நடுவே என்டிஸ்ராப்பர் என்ற பெயரைக் குறிப்பிட்டே ஒரு நிபந்தனை எழுதப்பட்டது. அது தன்னளவில் ஜி.பி.எல்.தான், ஆனால் தனியுரிமை நிரலை ஏற்றுகிறது என்று ஒரு குறிப்பு. ஆகவே ஜி.பி.எல். உட்செயல்களுக்கான கதவு அதற்குத் திறந்தே இருக்கும்; கெர்னலின் மேல் மட்டும் கறை விழும். அதற்கு அடுத்த சில வரிகளில் லினக்ஸன்டின் டிரைவர்லோடர் பெயர். அது ஜி.பி.எல். என்று தவறாகச் சொல்லிப் பிடிபட்டது என்ற குறிப்போடு அதற்குக் கறையும் உண்டு, கதவும் அடைப்பு. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நிரல்கள். ஒன்று உள்ளதைச் சொன்னது, மற்றது மறைத்தது. தண்டனையில் வித்தியாசம் வந்தது அதனால்தான்.

2020இல் ஒரு படி மேலே போனார்கள். மூடிய மாடியூலுக்கும் கெர்னலுக்கும் நடுவே ஜி.பி.எல். என்று சொல்லிக்கொள்ளும் மெல்லிய இடைத்தகடு ஒன்றைச் செருகும் வழக்கம் பரவியிருந்தது. 5.9ஆம் பதிப்பிலிருந்து, தனியுரிமை மாடியூலின் செயலை எந்த மாடியூல் பயன்படுத்தினாலும் அந்தக் கறை அதற்கும் ஒட்டும் என்று ஆயிற்று.

வேலூர்க்காரர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும் நாட்டின் சட்டமாக ஏற்றது. அதோடு இன்னொன்றும் சொன்னது: தன் செயலால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. கலந்த பிறகு பிரித்தறிய முடியாது என்றால், கலக்கும் முன் சொல்ல வேண்டியவர் கலப்பவர்தான். கெர்னலின் அறிவிப்பு விதியும் அடிப்படையில் இதே நிரூபணப் பொறுப்பு மாற்றம்தான்.

உன் வரி எது, காட்டு

நிரூபணப் பொறுப்பு மாறாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஹாம்பர்க் வழக்கு சாட்சி. அங்கே நிலைமை தலைகீழ். விஎம்வேர் நிறுவனத்தின் மூடிய கெர்னல், ஓர் இடைநிரல் வழியாக லினக்ஸின் ஜி.பி.எல். டிரைவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது. கெர்னல் நிரலாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் 2015இல் வழக்குத் தொடுத்தார். இரண்டும் சேர்ந்து ஒரே படைப்பா என்ற பெரிய கேள்விக்கு விடை வரும் என்று உலகம் காத்திருந்தது. 2016இல் கீழ்நீதிமன்றமும் 2019 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கைத் தள்ளுபடி செய்தன. பெரிய கேள்விக்குள் அவை போகவே இல்லை. ஆயிரக்கணக்கானோர் எழுதிய கெர்னலில் தன் பங்கு எந்தெந்த வரிகள், அவை விஎம்வேர் பொருளில் எங்கே இருக்கின்றன என்பதை ஹெல்விக் போதுமான அளவு காட்டவில்லை என்பதே காரணம். நிறுவனம் பின்னர் அந்த இடைநிரலைக் கைவிடுவதாக அறிவித்தது. சட்டக் கேள்வி அப்படியே கிடக்கிறது.

இந்தியச் சட்டத்தின் சொல்வழக்கு சற்று வேறு. அமெரிக்கச் சட்டம் பேசும் 'வழித்தோன்றல் படைப்பு' என்ற வகை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அதே பெயரில் இல்லை. இங்குள்ள சொல் 'தழுவல்'. ஒரு படைப்பை மறுவரிசைப்படுத்தியோ மாற்றியோ பயன்படுத்துவதும் தழுவலே என்று 2(அ) பிரிவு விரித்துச் சொல்கிறது. கணினி நிரல் இங்கே இலக்கியப் படைப்பின் கணக்கில் வருகிறது. மறுபக்கம் 52ஆம் பிரிவில், தனியே உருவாக்கிய ஒரு நிரல் மற்றவற்றோடு இணைந்து இயங்கத் தேவையான தகவல் எளிதில் கிடைக்காதபோது, அதைப் பெறுவதற்காகச் செய்யும் செயல்கள் மீறலாகா என்ற விலக்கும் இருக்கிறது. மூடிய வன்பொருளுக்குத் திறந்த டிரைவர் எழுத முனையும் கல்லூரி மாணவருக்கு இந்த விலக்கு ஒரு கேடயம். திறந்த கெர்னலுக்குள் மூடிய மாடியூலை ஏற்றி விற்கும் நிறுவனத்துக்கு, கெர்னலின் எந்தப் பகுதியையும் தன் பொருளில் மறுவரிசைப்படுத்தவில்லை என்று காட்டும் சுமை வரக்கூடும். கெர்னலின் தலைப்புக் கோப்புகளைச் சேர்க்காமல் மாடியூல் உருவாகாது என்பதால் அந்தச் சுமை இலேசானதல்ல.

வெட் ப்ளூவாக வாங்கிய தோல்

குரோம் பதம் முடிந்து ஈரமாக, நீலமாக இருக்கும் தோலுக்கு வெட் ப்ளூ என்று பெயர். எல்லா ஆலையும் பச்சைத்தோலில் தொடங்குவதில்லை. வெட் ப்ளூவையோ அதற்கடுத்த நிலையான கிரஸ்ட்டையோ வெளியிலிருந்து வாங்கி, சாயமிட்டு, முடித்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் ஆலைகள் இந்த வட்டாரத்தில் நிறைய. முடித்துக் கொடுப்பவரின் வேலை முழுக்கத் திறந்த புத்தகம். ஆனால் டிரம்முக்குள் முன்பு என்ன போனது என்று அவரிடம் கேட்டால், வாங்கிய இடத்தில் கேட்கச் சொல்வார்.

ஃபர்ம்வேர் என்பது டிரைவர் உலகின் வெட் ப்ளூ. இன்றைய வைஃபை அட்டையிலோ கிராஃபிக்ஸ் அட்டையிலோ தனியாக ஒரு செயலி இருக்கிறது. அதற்கான நிரலைக் கணினியின் வட்டிலிருந்து எடுத்து அட்டைக்குள் ஏற்றுவதும் டிரைவரின் வேலை. டிரைவர் ஜி.பி.எல்., ஏற்றும் சரக்கு மூடியது. அந்தச் சரக்கு கெர்னலின் நினைவகத்தில் ஓடுவதில்லை. அட்டையின் சொந்தச் செயலியில் ஓடுகிறது. எனவே கறை எண்ணில் அது ஏறாது.

தொடக்கத்தில் இந்தச் சரக்கு கெர்னலின் மூலநிரலுக்குள்ளேயே பதினாறின் அடிமான எண் வரிசைகளாகக் கிடந்தது. மூலநிரல் என்றால் என்ன என்பதற்கு ஜி.பி.எல். ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது: மாற்றம் செய்வதற்கு எந்த வடிவம் உகந்ததோ அந்த வடிவம். ஆயிரக்கணக்கான எண்களைக் கையால் தட்டி எழுதிய பொறியாளர் யாரும் இல்லை. ஆகவே அது மூலநிரலே அல்ல என்று லினக்ஸ் தொகுப்புகளில் ஒன்றான டெபியனின் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. 2008 முதல் அவை தனிக் களஞ்சியத்துக்கு நகர்ந்தன. அவற்றைச் சுத்தமாக நீக்கிய லினக்ஸ்-லிப்ரே என்ற பதிப்பையும் லத்தீன் அமெரிக்கக் கட்டற்ற மென்பொருள் அமைப்பு பராமரிக்கிறது. 2011 பிப்ரவரியில் வெளிவந்த டெபியன் 6, மூடிய ஃபர்ம்வேர் இல்லாத கெர்னலோடு வந்தது. கொள்கை சுத்தம். ஆனால் பல மடிக்கணினிகளில் நிறுவும்போதே வலை இணைப்பு கிடைக்காது. ஃபர்ம்வேரைப் பதிவிறக்கலாம் என்றால் அதற்கும் வலை வேண்டும். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து நிலையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், நிறுவும் வட்டிலேயே மூடிய ஃபர்ம்வேரும் இருக்கிறது; தனிப் பிரிவில், என்ன ஏற்றப்பட்டது என்று தெரியும்படி, வேண்டாதவர் விலக்கும்படி.

12289 எப்படி 12288 ஆனது என்பதற்கும் விடை இங்கேதான். 2022இல் வந்த திறந்த டிரைவர், முன்பு கெர்னலுக்குள் ஓடிய வேலைகளில் பெரும்பங்கை அட்டைக்குள் இருக்கும் ஜி.எஸ்.பி. என்ற செயலிக்கு மாற்றியது. பல பத்து மெகாபைட் அளவுள்ள மூடிய ஃபர்ம்வேர் இப்போது அங்கே ஓடுகிறது. கெர்னலுக்குள் இருக்கும் பகுதியை யாரும் படிக்கலாம். கறை எண்ணிலிருந்த ஒன்று அழிந்துவிடவில்லை, இடம் மாறியது.

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் திரவக் கழிவு பூஜ்ஜியம் என்ற ஏற்பாடு வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கியும் நீரைப் பிரித்து ஆலைக்கே திருப்பின. ஆற்றுக்குப் போகும் குழாயில் எண் பூஜ்ஜியம். பிரிந்த உப்பு மட்டும் வாங்க ஆளில்லாமல் நிலையத்தின் கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டது. ஆற்றுக்குப் போகாமல் கொட்டகையில் கிடப்பது நிச்சயமாக முன்னேற்றம்தான். கெர்னலுக்குள் ஓடாமல் அட்டைக்குள் ஓடுவதும் அப்படியே. ஆனால் பூஜ்ஜியம் என்ற எண்ணைப் பார்த்ததும் உப்பை மறந்துவிட்டால் கணக்கு தப்பும்.

பள்ளிப் பையில் வந்த லினக்ஸ்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றதில்லை. 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை மத்திய அரசு சென்னை சி-டாக், அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையம் ஆகியவற்றின் துணையோடு தொடங்கியது. அதன் வழியே டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. அதே காலத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கரின் தலைமையில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் மடிக்கணினிகளுக்கு எல்காட் ஒப்பந்தப்புள்ளி கோரியது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் பதிந்த அந்தக் கருவிகள், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடியில் தோல் வேலைக்குப் போகும் குடும்பங்களின் வீடுகளுக்கும் வந்தன. பல வீடுகளில் அதுவே முதல் கணினி.

உரிமத்தின் கண்ணால் பார்த்தால் இது ஒரு மாபெரும் பந்தி. கெர்னல் பரிமாறப்பட்டிருக்கிறது. பரிமாறியவர் யார்? இயங்குதளத்தைத் தொகுத்த சி-டாக்கா, அதைக் கருவியில் பதிந்த உற்பத்தியாளரா, கொள்முதல் செய்த எல்காட்டா, கையில் கொடுத்த அரசா? மூலநிரலைக் கூடவே தராவிட்டால், கேட்பவருக்குத் தருவோம் என்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்துறுதி தர வேண்டும் என்கிறது ஜி.பி.எல். அந்த உறுதிச்சீட்டைத் தர வேண்டியவர் இந்த நால்வரில் யாரோ ஒருவர். கருவியின் வைஃபைக்கும் திரைக்கும் மூடிய நிரல் ஏதும் சேர்ந்திருந்தால், அதை மறுவிநியோகம் செய்யும் அனுமதியைத் தனியே வாங்கியிருக்க வேண்டியவரும் இவர்களில் ஒருவர்தான்.

இதில் டெபியனின் பழைய கண்டிப்பை அப்படியே அரசு மேல் சுமத்துவது நியாயமாகாது. ஒன்பது லட்சம் பிள்ளைகளிடம் வைஃபை வேலை செய்யாத லினக்ஸைக் கொடுத்தால், அவர்கள் மறுமுறை தொடங்கும்போது விண்டோஸைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மூடிய ஃபர்ம்வேரை ஏற்றியாவது திறந்த அமைப்பை ஓடவிடுவதே அங்கே விவேகம். ஆனால் ஏற்றியதைப் பட்டியலிட்டுச் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. வாங்கும் எண்ணிக்கை லட்சக்கணக்கில் இருக்கும்போது, டிரைவர் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், அது எதை ஏற்றிக்கொண்டு வருகிறது, அதை யார் எந்த உரிமத்தில் தருகிறார் என்றும் ஒப்பந்தப்புள்ளியிலேயே கேட்கலாம். கேட்டால் விற்பவர் சொல்வார்.

வாங்குபவர் கேட்டபோது

சொல்வார் என்று உறுதியாக எழுத முடிவதற்குக் காரணம், இந்த வட்டாரமே அதை அனுபவித்திருக்கிறது. பச்சைத்தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போட்ட பென்டாகுளோரோஃபீனாலுக்கு ஜெர்மனி 1989 இறுதியில் தடை விதித்தது. அதுவரை டிரம்முக்குள் என்ன போகிறது என்று வெளியார் யாரும் கேட்டதில்லை. சரக்கு திரும்பிவரும் அச்சம் வந்ததும் மாற்று வேதிப்பொருள் வந்தது, சோதனைக்கூடங்கள் வந்தன, சான்றிதழ் வந்தது. 2015 மே மாதம் முதல், தோலில் ஆறாம் இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரையறுத்தது. இன்று கிரஸ்ட் வாங்கி முடித்துக் கொடுப்பவரும், அது எங்கே பதமானது என்று கேட்டு வைத்துக்கொள்கிறார்.

நிரலுக்கும் அந்தக் கேள்வி கப்பலேறி வந்துகொண்டிருக்கிறது. 2024 அக்டோபரில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், ஒரு மென்பொருளுக்குள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்ற பட்டியலுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம், மென்பொருள் உள்ள பொருளை அங்கே விற்பவர் இத்தகைய பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பரில் கட்டாயமாகின்றன. தோலுக்குக் கேட்ட கேள்வியை, தோலை வெட்டும் இயந்திரத்தின் டிரைவருக்கும் கேட்கும் காலம் அது. ஆம்பூர் ஏற்றுமதியாளர் தன் தோலுக்கு வைத்திருக்கும் கோப்பைப் போல ஒன்றைத் தன் இயந்திரங்களுக்கும் வைக்கத் தொடங்கலாம்: எந்த டிரைவர், எந்த உரிமம், உள்ளே ஏற்றும் ஃபர்ம்வேர் எது, தந்தவர் யார். ஒரு பக்கம் போதும்.

அந்தப் பக்கம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் இங்கேயே பதிவாகியிருக்கிறது. 1996 தீர்ப்பு ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நன்றாகச் சுத்திகரித்தவருக்கும் அதே தொகை, அப்படியே ஆற்றில் விட்டவருக்கும் அதே தொகை. பிறகு யாருக்கு எவ்வளவு இழப்பு, யார் எவ்வளவு தர வேண்டும் என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆணையமே அமைக்க வேண்டியிருந்தது. அது 2001இல் 547 ஆலைகளையும் 29,193 பேரையும் கணக்கெடுத்து 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. அதன் தொடர்ச்சி 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாக வந்தது. குழாய் சேரும் முன் ஒரு குவளை நீரெடுத்து எழுதிவைக்காததற்கு, சேர்ந்த பிறகு முப்பது ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.